மழைக்கு முன்பே கதவைத் தட்டுங்கள்

வெள்ளம் வந்துவிட்டால் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் நம் சீமைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஏறத்தாழ எண்ணூறு பேர். வெளியிலிருந்து உதவி வந்து சேர முடியாத அந்த நேரத்தில், பக்கத்துப் புதுக்குடி மக்கள் கையிலிருந்த அரிசி பருப்பைத் திரட்டி, கோயிலில் அடுப்பு மூட்டி, முகம் தெரியாதவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். அந்தப் புதுக்குடிக்காரர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

தென்காசி, குற்றாலம், கடையநல்லூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து மக்களே, உங்களிடம் நான் கேட்க வந்தது வேறு. வானம் வெளுத்துக் கிடக்கும் ஒரு சாதாரண நாளில், உங்கள் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியுமா? எதிர் வளவில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரை, ராத்திரியில் தண்ணீர் ஏறினால் எந்த இரண்டு பேர் தூக்குவது என்று யாராவது பேசி வைத்திருக்கிறோமா? வெள்ளத்துக்குப் பிந்திய இரக்கம் நம்மிடம் ஏராளம். முந்திய அக்கறைதான் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் போய்ச் சேருகிறார்கள்.

கடையநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 கோடையில் அந்த ஊர் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழகத்தில் அந்த ஆண்டு 12,826 பேருக்கு டெங்கு வந்தது, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அன்று நெல்லை மாவட்டத்தோடு இருந்த கடையநல்லூர்தான் அந்தக் கொள்ளைநோயின் மையம். நெசவுக்குப் பேர்போன, வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த ஊர். வீட்டுக்கு வீடு காய்ச்சல். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் ஓடினார்கள். தெருமுனைகளில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி ஊற்றினார்கள்.

அவ்வளவு கொசு எங்கிருந்து வந்தது? சாக்கடையிலிருந்து என்றுதான் இன்றும் பலர் நம்புகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை அவ்வளவாக நாடாது. நாம் குடிக்கப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்ப் பாத்திரங்களில்தான் அது முட்டையிடும். குழாயில் நாள் தவறித் தண்ணீர் வரும் ஊரில், குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி என்று இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைப்பது தவிர ஏழைக்கு வேறு வழி கிடையாது. தண்ணீர்ப் பஞ்சமும் டெங்குவும் சேர்ந்தே வருவதன் சூட்சுமம் இதுதான். வறட்சியும் பெருமழையும் மாறி மாறி வரும் இந்தக் காலத்தில் இரண்டும் இன்னும் நெருங்கி வரும்.

இங்கே ஒரு சின்ன விவரத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். முட்டை சுவரிலேயே காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்து ஏழெட்டு நாளில், அதிகம் போனால் பத்து நாளில், பறக்கும் கொசுவாகிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நாரோ பிரஷோ போட்டு, விளிம்புக்குக் கீழே விரல் வழுக்கும் அந்தப் பாசிக் கோட்டைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. முழங்கால் வலியோடு இருக்கும் ஒரு ஆச்சியால் சிமெண்டுத் தொட்டிக்குள் குனிந்து அதைச் செய்ய முடியாது. அவளுக்கு யார் தேய்த்துக் கொடுப்பது? அவள் தொட்டியில் பிறந்த கொசு அவளை மட்டும் கடித்துவிட்டு நிற்குமா? பக்கத்துச் சுவர் தாண்டி உங்கள் பிள்ளையிடமும் வரும். கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டுத் தொட்டிகளைத் தேய்த்துக் கொடுத்தால், அதைவிடப் பெரிய தர்மம் அந்தத் தெருவில் அந்த வாரம் நடக்கப் போவதில்லை.

இன்னொன்று. டெங்குக் காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிப் பிள்ளையை விளையாட அனுப்பிவிடுகிறார்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நாட்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108ஐ அழையுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். இது தெரிந்த ஒரு ஆள் தெருவுக்குத் தெரு இருந்தால் போதும், பல தாய்மார்கள் வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டி வராது.

மழையிலும் கொசுவிலும் நிற்கும் பேச்சல்ல இது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஆலங்குளம் பொட்டலிலும் சங்கரன்கோவில் கரிசலிலும் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தேசம். வெளியூர்க்காரர்கள் அறிந்த தென்காசி, அருவியும் பார்டர் பரோட்டாவும்தான். பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் தெருக்களில் மத்தியான வெயிலில் நடந்து பாருங்கள். வாசல்தோறும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்து வைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, கை ஓயாது. ஆயிரம் பீடி சேர்ந்தால்தான் அன்றைய கூலி.

வீட்டுக்குள் உட்கார்ந்து சுற்றும்போது அவர்களில் பலர் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். ஓடவிட்டால் தூள் பறக்கும். எடை குறைந்தால் கடையில் பதில் சொல்ல வேண்டும். மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ தகதகவென்று காய்கிறது, கீழே காற்றில்லாத அறை, மூக்கில் புகையிலை நெடி. தண்ணீரும் குடிப்பதில்லை. எழுந்து போனால் இருபது முப்பது பீடி குறையும், சில வீடுகளில் கழிப்பறையும் சரியில்லை. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் அவர்களிடையே ஏன் இத்தனை சாதாரணம் என்று கேட்பவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வெயிலால் ஆகும் சாவைச் சாலையோரத்தில் மயங்கி விழுவதாக மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம். ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் ஒரு வயதான பெண், தாகமும் சரியாகத் தெரியாமல், பூட்டிய வீட்டுக்குள் உடம்பு வற்றி மெல்லத் தளர்ந்துபோவது யார் கண்ணுக்கும் படுவதில்லை. ‘வயசாகிப் போயிட்டா’ என்று சொல்லித் தூக்கிவிடுகிறோம்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இதுவே பெரிய அளவில் நடந்தது. சில நாள் அனலில், வழக்கத்தை மீறி 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வயதானவர்கள், தனியாகக் கதவடைத்துக் கிடந்தவர்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அந்த நகரத்துத் தெருக்களை அலசினார். ஒரே மாதிரி வறுமையுள்ள, அடுத்தடுத்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் சாவு அதிகம், மற்றதில் குறைவு. கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள, கிழவரும் கிழவியும் வெளியே வந்து நாலு பேரிடம் பேசும் பகுதி தப்பியது. வெறிச்சோடிப்போன பகுதி பலிகொடுத்தது. நம் தெருக்கள் இன்னும் வெறிச்சோடவில்லை. ஆனால் திசை அதுதான். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். துபாயில் இருக்கும் மகனின் செல்போனுக்கு ‘தென்காசிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை’ என்று வாட்ஸ்ஆப் செய்தி வந்துவிடுகிறது. தென்காசியில் இருக்கும் தாய்க்கு வருவதில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்ட் 5 அன்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிவிட்டது. ரத்தக்கொதிப்பு பார்க்கும் கருவியும் மாத்திரைப் பையுமாகப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் 2024இல் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணை உங்கள் வாசலில் எப்படி நடத்துகிறீர்கள்? இதை முகத்துக்கு நேரே கேட்கிறேன். ‘இங்கே யாருக்கும் ஒண்ணுமில்ல, போங்க’ என்று ஜன்னல் வழியாகவே அனுப்பிவிடும் வீடுகள் எத்தனை! கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்களை, கொல்லைப்புறத் தொட்டியைக் காட்ட மறுத்து வெயிலில் நிற்க வைக்கிறோம். அவர்கள் வாங்குவது சொற்பத் தொகை. நடப்பது நாள் முழுக்க. கதவைத் திறவுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். பிறகு நீங்களே அந்தத் தன்னார்வலப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், அவள் பட்டியலில் இல்லாத வீட்டைக் காட்டுங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், கைம்பெண், மனநலம் குன்றியவரை உள்ளே வைத்திருக்கும் குடும்பம் என்று தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த வீடுகள் உண்டு. வெளியிலிருந்து வரும் அவளுக்கு அவை எப்படித் தெரியும்?

அந்தப் பட்டியல் எங்கே முடிகிறது என்பதிலும் நம் யோக்கியதை இருக்கிறது. நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. குளத்துக்கரை ஓரத்திலும் ஓடை விளிம்பிலும் தாழ்ந்த மனையில் வீடு கட்டிக் கிடப்பவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணீர் முதலில் ஏறுவது காலனியில். நிவாரணம் கடைசியாக எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். துணை தேவைப்படுபவர்களை நீங்கள் குறித்து வைக்கும் நோட்டு உங்கள் சொந்தக்காரர் தெருவோடு நின்றுபோனால் அது வெறும் மொய் நோட்டு. செங்கல் சூளையிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கும் வடமாநிலத்துப் பையன்களும் அதில் வரவேண்டும். ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. இந்தி தெரிந்த கடைக்காரர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வைத்தால் ஆயிற்று.

இனி குற்றாலம். 2024 மே 17, வெள்ளிக்கிழமை. சீசன் தொடங்க இன்னும் நாள் இருந்தது. கோடை விடுமுறையில் வந்தவர்கள் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழை சட்டென்று செம்மண் வெள்ளமாக இறங்கியது. சிதறி ஓடினார்கள். நெல்லையிலிருந்து வந்த ஒரு பள்ளி வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவிகளுக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு செங்குத்தானது. உச்சியில் பெய்வது கீழே வர அதிக நேரம் பிடிக்காது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வரலாம். தண்ணீர் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் தடித்துப் போவதும் என்ன சொல்கின்றன என்று அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாது.

ஆகவே குற்றாலத்து வியாபாரிகளே, ஆட்டோக்காரர்களே, லாட்ஜ் நடத்துபவர்களே, எண்ணெய் தேய்க்கும் அண்ணன்மார்களே, இந்த விஷயத்தில் அருவிக்கு முதல் காவல் நீங்கள்தான். குளிக்கத் தடை என்றால் உங்கள் வயிறு எரிகிறது என்று எனக்குத் தெரியும். மூன்று நான்கு மாதச் சீசனை நம்பி வட்டிக்கு வாங்கி நேந்திரம் சிப்ஸும் பழமும் அடுக்கியிருக்கிறீர்கள். தடை போட்ட நாளில் அந்தக் கடனுக்கு யார் பதில் சொல்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு ஒரு வழி செய்யச் சொல்லி அரசிடம் நீங்கள் போராடினால் உங்களோடு நிற்க வேண்டியது எங்கள் கடமை. அதற்காக, தடையை மீறி யாரையும் ‘சும்மா அந்தப் பக்கமாப் போய்க் குளிச்சுக்கோங்க’ என்று மட்டும் வழிகாட்டிவிடாதீர்கள். போலீஸ் விசில் ஊதினால் நீங்களும் சேர்ந்து கத்துங்கள். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் காட்டுவழி கேட்கும் இளவட்டங்களைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை உங்கள் கடைவாசலில் நிற்கும் வரை உங்கள் பிள்ளை.

அந்தத் தண்ணீர் அருவியோடும் முடிவதில்லை. சிற்றாறு தென்காசியைத் தொட்டு, வழியெல்லாம் குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மேலே நாம் ஓடையை அடைத்து மனை போட்டால் கீழே யாரோ ஒருவர் கட்டிலோடு மிதப்பார். மறுகால் பாயும் வழியில் வீட்டுமனை விற்பவர், வாங்குபவர், பத்திரம் எழுதுபவர், கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுபவர், இவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புளியரை தாண்டினால் கேரளம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில் அங்கே பெண்கள் சிறு சிறு அயல்கூட்டங்களாகக் கூடுகிறார்கள். 2018 பெருவெள்ளம் வடிந்ததும் சேறு நிறைந்த வீடுகளுக்குள் துடைப்பமும் மண்வெட்டியுமாக அந்தப் பெண்கள் அணி அணியாக இறங்கினார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நம்மிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத ஊர் இல்லை. மாதாமாதம் கூடுகிறார்கள், தவணை கட்டுகிறார்கள், கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள். தவணைப் பணம் எண்ணி முடித்த பின் கால் மணி நேரம் உட்காருங்கள், தாய்மார்களே. நம் தெருவில் இந்த மாதம் யாருக்குப் பேறுகாலம், யார் டயாலிசிஸ் போகிறார், யார் இன்சுலின் போடுகிறார், யாருக்குத் துணையில்லை என்று பேசுங்கள். பேசியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

வெள்ளத்தில் பல நாள் கரண்டு இல்லாமல் போனால், சூட்டில் கிடக்கும் இன்சுலினின் வீரியம் குறையக்கூடும். மண்பானையில் ஈர மணல் போட்டு, பாட்டிலை உறைக்குள் வைத்துச் செருகி, நிழலில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆஸ்பத்திரி தேவையில்லை. டயாலிசிஸ் நோயாளி ஒரு முறை தவறினாலே உயிருக்கு ஆபத்து. சாலை துண்டிக்கப்படும் முன்பே அவரை ஊர் மாற்ற வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுக்க எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டும். வெள்ளநீரில் இறங்கி வேலை செய்த பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் பீடி சுற்றும் பெண்கள் நடுப்பகலில் ஒரு வேப்பமரத்தடியிலோ சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் தாழ்வாரத்திலோ கூடி உட்கார இடம் கொடுங்கள். ஒரு பானைத் தண்ணீரும் நடந்துபோகும் தூரத்தில் கழிப்பறையும் இருந்தால் அவர்களுக்கு அது பெரிய ஆசுவாசம். அந்த இடத்தின் சாவியை வைத்திருக்கும் தர்மகர்த்தாவும் ஜமாஅத் தலைவரும் பாதிரியாரும் இதை மறுக்க நியாயமான காரணம் ஒன்றும் இருக்க முடியாது.

ஐப்பசி அடைமழைக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். 2024இல் குற்றாலத்துக்கு வெள்ளம் மே மாதத்திலேயே வந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தெருவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள். ‘ஆச்சி, நான் இன்ன வீட்டுப் பிள்ளை, சும்மா பாக்க வந்தேன்’ என்று சொல்லி உட்காருங்கள். முதல் நாளே நோய் நொடியைக் கிளறாமல், இருக்கிற கதையைக் கேளுங்கள். எழுந்து வருவதற்கு முன், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், அது எந்தத் தேதியோடு தீரும், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் நம்பர் என்ன, தண்ணீர் வந்தால் உங்கள் மச்சு வீட்டுக்கு வர அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077 என்று பெரிதாக எழுதி வையுங்கள். அவள் வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பாருங்கள். பாசி பிடித்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்துவிட்டு வாருங்கள்.